பின்னறையில் பதின்மூன்று டிகிரி

2021 நவம்பரிலிருந்து தோத்தாத்ரியின் வீட்டுப் பின்னறையில் வெப்பநிலை பதின்மூன்று டிகிரியாகவே இருந்தது. சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் மூன்றாவது தெருவில், மேற்குப் பார்த்த அறை அது. மேலே நேராக மொட்டைமாடி. கத்திரி வெயிலில் மீனம்பாக்கத்தில் நாற்பத்திரண்டு பதிவான நாளிலும் அந்த அறையில் பதின்மூன்றுதான். அதற்கு மின்சாரம் எதுவும் செலவாகவில்லை. தெருவில் இருப்பவர்கள் முதலில் நம்பவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்து கதவைத் திறந்து கையை நீட்டிப் பார்த்தார்கள். அதன் பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். தோத்தாத்ரியும் இதை ஒரு அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. முப்பத்துநான்கு வருடம் வானிலைத் துறையில் வெப்பமானி பார்த்து எழுதி ஓய்வு பெற்றவர் அவர். கருவி காட்டுவதை எழுத வேண்டும், ஏன் காட்டுகிறது என்று கேட்பது மேலிடத்தின் வேலை என்று பழகியிருந்தார். காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் ஒரு கோடு போட்ட நோட்டில் பதின்மூன்று என்று எழுதி, கீழே சுருக்கமாகக் கையெழுத்துப் போட்டார்.

அறையில் இருந்தது ஒயின். பிரான்சில் போர்தோ பக்கத்தில் ஷாத்தோ வெர்னாக் என்றொரு திராட்சைத் தோட்டம் உண்டு. அங்கே 2018 அறுவடையில் பிழிந்த சிவப்பு ஒயின், பன்னிரண்டு பாட்டில். அவருடைய ஒரே மகன் அனிருத்தும் மருமகள் சுப்ரஜாவும் நாவலூரில் ஒரே கம்பெனியில் வேலை செய்தார்கள். கம்பெனி அவர்களைப் பதினோரு மாதம் பிரான்சில் துலூஸ் நகரத்துக்கு அனுப்பியது. 2019 வசந்தத்தில் இருவரும் ரயிலில் போய் அந்தத் தோட்டத்தைப் பார்த்தார்கள். அங்கே ஒயினை வாங்கும் முறை வேறு மாதிரி. பீப்பாயில் கிடக்கும்போதே பணத்தைக் கட்டிவிட வேண்டும், பாட்டில் இரண்டு வருடம் கழித்துத்தான் கைக்கு வரும். வெர்னாக்குக்கு வரிசையில் நிற்பவர்கள் அதிகம். அந்த வருடத்துச் சரக்கு முழுக்க அரை நாளில் பேசி முடிந்துவிட்டது. அந்தச் சரக்கை விற்றுத்தரும் ஒயின் கடைக்காரரின் பழைய வாடிக்கையாளர் ஒருவர் கடைசி நேரத்தில் வேண்டாமென்று சொன்னதால் ஒரு பெட்டி இவர்களுக்குக் கிடைத்தது. பாட்டில் ஒன்று நம் ஊர்க் கணக்கில் பதினோராயிரம் ரூபாய். அனிருத் ரசீதை அப்பாவுக்கு மின்னஞ்சலில் அனுப்பி, ஒரு காகிதப் பிரதி எடுத்துப் பத்திரமாக வைக்கும்படியும், 2036க்கு முன்னால் பாட்டிலைத் திறக்கக் கூடாது என்றும் போனில் சொன்னான். அரிஷ்டத்தைத் தவிர வேறு எதையும் வாயில் வைத்தறியாத தோத்தாத்ரி அதைப் பிரதி எடுத்து வீட்டுவரி ரசீதுகளோடு கோப்பில் வைத்தார்.

2021 மே மாதம் தொற்றின் இரண்டாம் அலையில் அப்பாவும் பிள்ளையும் ஒரே நாளில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். வேறு வேறு வார்டு. ஒன்பதாம் நாள் அப்பா மட்டும் வீட்டுக்கு வந்தார். சுப்ரஜா ஆஸ்பத்திரியிலிருந்து போனில் செய்தி சொன்னபோது அவர் "சரி" என்றார். நாற்பதடி தள்ளி நிறுத்தி ஆம்புலன்சுக்குள் இருந்த நீலப் பையைக் காட்டினார்கள், அதற்கும் தலையை ஆட்டினார். அவருடைய மனைவி ஒன்பது வருடம் முன்பே போய்விட்டாள்; அப்போது அவர் வாய்விட்டு அழுதவர்தான். இந்த முறை எல்லோரும் காத்திருந்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கை கால் மரத்துப்போனது மாதிரி இருப்பதாக டாக்டரிடம் சொன்னார். சர்க்கரை இல்லை, நரம்பில் கோளாறு இல்லை. விட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சுப்ரஜா தாய்வீட்டுக்குப் போகாமல் அங்கேயே தங்கினாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள், உப்பு போதுமா என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லாமல்.

செப்டம்பரில் பிரான்சுக் கடைக்காரரிடமிருந்து அனிருத்தின் முகவரிக்கு மின்னஞ்சல் வந்தது: உங்கள் பாட்டில்கள் தயார், எடுத்துக்கொள்ளவும். சுப்ரஜா அதைக் காட்டினாள். தோத்தாத்ரி இரண்டு முறை படித்தார். "அவன் ஆசையா வாங்கினது. இங்க வரணும்," என்றார். நான்கு மாதத்தில் அவர் சொன்ன மிக நீளமான வாக்கியம் அது. சுப்ரஜா எதையோ சொல்ல வாயைத் திறந்தவள், "சரிப்பா," என்று மட்டும் சொன்னாள்.

பெட்டியாக வரவழைத்தால் சுங்கவரி விலையைத் தாண்டிவிடும், அனுமதிக்கு அலைய வேண்டும். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் பயணி தன் பையில் இரண்டு பாட்டில் கொண்டுவரலாம். எனவே அந்த ஒயின் ஆறு பேருடைய பைகளில், இரண்டிரண்டாக, பதினாலு மாதத்தில் சேலையூருக்கு வந்து சேர்ந்தது. நவம்பரில் முதல் இரண்டையும் அனிருத்தின் டீம் லீடர் தன் குழந்தையின் ஸ்வெட்டர்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டுவந்தார். ஒரு பெண்மணி பட்டுப்புடவையில் சுற்றி எடுத்துவந்தாள். ஒருவர் வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே பையைக் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே ஆட்டோவில் ஏறிப் போனார். கடைசி இரண்டு 2023 ஜனவரியில் ஜெபினோடு வந்தன. ஜெபின் மார்த்தாண்டத்துக்காரன், துலூசில் அவர்களோடு ஒரே கட்டடத்தில் குடியிருந்தவன், இப்போது சென்னைக்கே மாற்றலாகி வந்திருந்தான். பாட்டில்களை இறக்கி வைத்துவிட்டு, சமையலறைக் குழாய் சொட்டுவதைப் பார்த்து, ஸ்பேனர் கேட்டு வாங்கி அதைச் சரி செய்துவிட்டுப் போனான். அதன் பிறகும் அடிக்கடி வந்துபோனான்.

தோத்தாத்ரி ஒயினை வைக்கும் முறையைப் படித்துத் தெரிந்துகொண்டார். வெளிச்சம் படக் கூடாது. அசையக் கூடாது. கார்க் காயாமலிருக்கப் படுக்க வைக்க வேண்டும், காற்றில் ஈரம் எழுபது சதவீதம் இருக்க வேண்டும், பக்கத்தில் மணமுள்ள பொருள் எதுவும் ஆகாது, வருடம் முழுவதும் ஒரே சூடு, பதின்மூன்று டிகிரி. அனிருத்தின் அறையாக இருந்த அந்தப் பின்னறையிலிருந்து கட்டிலை எடுத்தார். ஜன்னல் கண்ணாடியில் கறுப்புக் காகிதம் ஒட்டினார். ராஜகீழ்ப்பாக்கத்துத் தச்சரிடம் சொல்லி மரத்தட்டு செய்து, அதன் கால்களுக்கு அடியில் சைக்கிள் டயர்த் துண்டுகளை வைத்தார். தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானம் தாழப் பறந்தால் அந்தத் தெருவில் டம்ளர்கள் அதிரும். மூலையில் ஒரு தாம்பாளத்தில் ஈர மணல். அனகாபுத்தூரிலிருந்து அமீருதீன் என்ற ஏசி மெக்கானிக் வந்து ஒரு டன் ஏசி மாட்டிக்கொடுத்தார். தோத்தாத்ரி தட்டின் பக்கத்தில் ஒரு மர நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சாப்பிடவும் குளிக்கவும் மட்டும் எழுந்துபோனார். ராத்திரி அங்கேயே ஜமக்காளத்தில் படுத்தார்.

மூன்று மாதம் கழித்து சர்வீஸுக்கு வந்த அமீருதீன் வெகுநேரம் ஏணியிலிருந்து இறங்கவில்லை.

"சார், மெசின் எத்தினி நாளா இப்டி கீது?"

"எப்படி?"

"வெறும் காத்துதான் வந்துகினு கீது. வெளிய கம்ப்ரசர் ஒயரை எலி கடிச்சுப் போட்டுகீது. மாட்டின மறுவாரமே கடிச்சிருக்கும் போல. கூலிங்கே இல்ல சார் இதுல."

தோத்தாத்ரி நோட்டைக் காட்டினார். தொண்ணூறு நாள், பதின்மூன்று. அமீருதீன் நோட்டைப் புரட்டினார், சுவரைத் தொட்டார், தன் கைப்பெட்டியிலிருந்து சின்ன வெப்பமானியை எடுத்து மூலை மூலையாகக் காட்டிக்கொண்டு வந்தார். கதவருகே பதினாலு, ஜன்னலருகே பதின்மூன்றரை, தட்டருகே பதின்மூன்று. நாற்காலியில் உட்கார்ந்திருந்த தோத்தாத்ரியின் தோளுக்குப் பின்னால் வந்ததும் நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். குளிரு உங்ககிட்டேர்ந்துதான் வருது."

தோத்தாத்ரி தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். "எவ்வளவு காட்டறது?"

"பதினொண்ணு."

"சரி," என்று அதையும் எழுதிக்கொண்டார்.

அமீருதீன் அன்றைக்கு சர்வீஸுக்குக் காசு வாங்கவில்லை. டீ குடிக்கும்போது, இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம் என்றார். 2015 வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் அவர் வீட்டுக்குள் ஆறடி நின்றது. அதிலிருந்து அவருடைய அம்மா நடந்தால் தரையில் ஈரக்கால் பதிகிறது. ஆறு வருடமாகக் கோடையிலும் பதிகிறது. "ஆஸ்பத்திரில காட்டினோம், தர்காவுல காட்டினோம். இப்ப வூட்ல எல்லாருக்கும் பழகிப்போச்சு. வழுக்காம இருக்க பாய் போட்டு வெச்சிட்டோம், அவ்ளோதான்," என்றார். ஏசியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். சுவரில் இருந்த ஓட்டையைத் தோத்தாத்ரி சிமென்ட் வைத்துப் பூசினார்.

அதற்குப் பிறகு அவர் முறையாகக் கவனித்ததில் சில விஷயங்கள் தெரிந்தன. அவர் வெளியே போனால் அறை ஆறு மணி நேரம் தாங்கும், ஏழாவது மணியில் ஒரு டிகிரி ஏறும். மே மாதத்தில் ரேஷன் கடை வரிசையில் பெண்கள் இடம் மாறி அவருக்குப் பின்னால் வந்து நின்றார்கள். ஷேர் ஆட்டோவில் அவர் பக்கத்து சீட் முதலில் நிறைந்தது. ஆனால் இதெல்லாம் சிறிய விஷயம். பெரிய விஷயம் 2022 ஜூலையில் தெரிந்தது. பழைய போனைச் சார்ஜில் போட்டு எதையோ தேடும்போது அனிருத்தின் குரல் அதிலிருந்து பேசியது. "அப்பா, வரச்சே ஆவின்ல நீல பாக்கெட் ரெண்டு வாங்கிண்டு வாங்கோ. பச்சை வேண்டாம். பச்சை வாங்கினா நான் வீட்டை விட்டே போயிடுவேன்." தோத்தாத்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு முடியும் முன் தொண்டையில் வேறு ஏதோ கிளம்பியது. நிமிர்ந்து பார்த்தபோது வெப்பமானி பதினாறரை காட்டியது. போனை அணைத்தார். அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்து அதை மறுபடி பதின்மூன்றுக்குக் கொண்டுவந்தார்.

அன்றிலிருந்து மனிதர் எச்சரிக்கையானார். போனைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். கூடத்தில் மாட்டியிருந்த படத்தைச் சுப்ரஜாவின் அறைக்கு மாற்றச் சொன்னார். கச்சேரி கேட்பதை விட்டார். யாராவது குழந்தையை நீட்டினால் கையைக் கட்டிக்கொண்டார். அடுத்த வருஷத் திவசத்தில் வாத்தியார் சொன்னபடி எள்ளையும் தண்ணீரையும் இறைத்தார், மந்திரத்தில் மகன் பெயர் வந்த இடங்களில் கூரை விசிறியின் இறக்கைகளை எண்ணினார். உறவுக்காரர்கள் இது என்ன கல்நெஞ்சு என்று பேசிக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். 2036இல் அவருக்கு எழுபத்தெட்டு வயது. அதுவரை இப்படியே இருந்துவிட்டால் போதும் என்று அவர் தீர்மானித்திருந்தார். கஷ்டமான காரியமாக அவருக்குத் தோன்றவில்லை. ஆபீஸில் முப்பத்துநான்கு வருடம் அதே நேரத்துக்கு அதே வெப்பமானியைப் பார்த்தவருக்கு இது இன்னொரு பதினாலு வருட வேலை.

2023 டிசம்பர் புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லை. தெருவில் முட்டி அளவு தண்ணீர். இரண்டாம் நாள் காலை, கேம்ப் ரோடு முனையில் பூ விற்கும் செல்லியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து, ஒரு எவர்சில்வர் டப்பாவை நீட்டினாள். உள்ளே இன்சுலின் பாட்டில்கள். "ஐஸ்பெட்டி செத்துப்போச்சு சார். இத்த உங்க ரூம்ல வெச்சுக்கோங்க. பூவு வெக்க மாட்டீங்கன்னு தெரியும், அத்த கேக்கல." மாலைக்குள் பதினேழு டப்பாக்கள் வந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டி, தட்டின் கீழ்ப்பலகையில் வரிசையாக வைத்தார். கூடம் முழுக்க ஈர உடையோடு ஆட்கள். யாரோ அழுதார்கள், யாருக்கோ பிள்ளை போன் எடுக்கவில்லை. தோத்தாத்ரி பின்னறையில் கண்ணை மூடிக்கொண்டு எதையும் காதில் வாங்காமல் உட்கார்ந்திருந்தார். ஜெபின் வேளச்சேரி சாலையிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் நடந்து பால்பவுடரும் மெழுகுவத்தியும் கொண்டுவந்தான். மூன்று நாளும் வெப்பமானி அசையவில்லை. கரண்ட் வந்த பிறகும் பலர் இன்சுலினைத் திரும்ப எடுக்கவில்லை. சார் வீட்டில் இருப்பது ஃப்ரிட்ஜில் இருப்பதைவிட நம்பகம் என்றார்கள். ஆக, அவருடைய மரத்துப்போன நிலையை இப்போது பதினேழு குடும்பங்களும் நம்பியிருந்தன.

2024 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சுப்ரஜா கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னறைக்குள் வந்தாள். அந்த அறைக்குள் வருகிறவர்களுக்காகவே ஒரு கம்பளிச் சட்டை வெளியே ஆணியில் தொங்கியது.

"அப்பா, நானும் ஜெபினும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்."

"தெரியும்," என்றார். "நல்ல பையன். குழாய் அதுக்கப்புறம் சொட்டவே இல்ல."

"ரிஜிஸ்டர் ஆபீஸ்லதான். மூணு சாட்சி வேணும். முதல் கையெழுத்து நீங்க போடணும்."

அவர் தட்டைப் பார்த்தார். "என்னால வர முடியாதும்மா. அங்க வந்து எனக்கு மனசுல ஏதாவது ஆயிடுத்துன்னா இங்க ஏறிடும். அனிருத் ஆசையா வாங்கினது. இன்னும் பன்னெண்டு வருஷம் இருக்கு."

சுப்ரஜா நின்றுகொண்டே இருந்தாள். அவள் வாயிலிருந்து புகையாக மூச்சு வந்தது.

"அவன் ஆசையா வாங்கலப்பா. நான் வாங்கினேன்."

தோத்தாத்ரிக்குப் புரியவில்லை.

"எனக்குத்தான் ஒயின் பிடிக்கும். என் போனஸ் பணம். கடையில பேர் கேட்டப்ப அவன் கார்டு கைல இருந்தது, அவன் பேர்ல போட்டோம். அவன் குடிக்கவே மாட்டான்பா. நீங்க அன்னிக்கு அப்படிச் சொன்னேள். நாலு மாசமா ஒண்ணுமே பேசாதவர் ஒண்ணு வேணும்னு கேட்டேள். நான் எப்படிச் சொல்றது?"

தோத்தாத்ரி எழுந்திருக்கவில்லை. மதியம் வெப்பமானி ஒன்பது காட்டியது. மறுநாள் காலை ஆறு. கூடத்தில் தேங்காயெண்ணெய் பாட்டிலோடு உறைந்து நின்றது, துவைத்த துணி காயவில்லை, எதிர் வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். மூன்றாம் நாள் மூன்று டிகிரி. பாட்டில் லேபிள்களின் ஓரத்தில் பனி வெள்ளையாகப் பூத்திருந்தது. இரண்டு வருடமும் சூடு ஏறிவிடக் கூடாது என்று பார்த்துக்கொண்ட மனிதருக்கு இப்போது அது இறங்குவதை நிறுத்தத் தெரியவில்லை. குளிர் மீறினால் கார்க் சுருங்கிவிடும். இன்னும் மூன்று டிகிரி போனால் செல்லியம்மாளின் இன்சுலின் உறைந்து வீணாகிவிடும். அவர் அமீருதீனுக்குப் போன் செய்தார். வேறு யாரைக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அமீருதீன் மஃப்ளர் கட்டிக்கொண்டு வந்து அறை வாசலில் நின்றார். பெட்டியைத் திறக்கவில்லை.

"கேஸ் ஏத்தறது, எறக்கறது எனக்குத் தெரியும் சார். இது அது இல்ல. அந்தப் பொண்ணு மூணு நாளா கூடத்துல சாப்பிடாம உக்காந்துகினு கீது. அதாண்ட பேசுங்க. நான் வெளிய நிக்கறேன்."

தோத்தாத்ரி அவளைக் கூப்பிட்டார். அவள் வந்து தரையில் ஜமக்காளத்தின் மேல் உட்கார்ந்தாள். அவர் கேட்டார்.

"அப்போ அவன் என்னதான் குடிப்பான்?"

"பாதாம் பால்," என்றாள் சுப்ரஜா. "கேம்ப் ரோடு கடைலேர்ந்து மூணு கிலோ பவுடர் வாங்கிண்டு போனான். சட்டையெல்லாம் அந்த வாசனை."

அவர் தலையை ஆட்டி, மேலே சொல் என்பதுபோல் பார்த்தார். அவள் சொன்னாள். வெர்னாக் தோட்டத்தில் பீப்பாயிலிருந்து குழாய் வைத்து எடுத்து ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தார்கள். ருசி பார்த்துவிட்டுத் துப்புவதற்கு ஒரு வாளி வைத்திருந்தார்கள். அனிருத் பதற்றத்தில் அதை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த பூந்தொட்டியில் துப்பினான். தோட்டத்துக்காரர் எப்படி இருக்கிறது என்று கேட்டபோது முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு, தமிழில், ஈயம் பூசாத பாத்திரத்தில் வைத்த புளித்தண்ணி மாதிரி இருக்கிறது என்றான். தோட்டத்துக்காரர் நன்றி சொன்னார். துலூசில் தினமும் காலையில் எழுந்து திரையை விலக்கி, அப்பாவின் குரலில், "வானம் பொதுவாக மேகமூட்டத்துடன் காணப்படும், ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்," என்று அறிவித்துவிட்டுத்தான் பல் தேய்க்கப் போவான். பதினோரு மாதமும், ஒரு நாள் விடாமல். பொறியியல் மூன்றாம் வருடத்தில் ஒரு பேப்பரில் அரியர் விழுந்ததை அப்பாவிடம் சொல்லவே இல்லை. அப்பாவுக்குத் தெரியும் என்றும், தெரிந்தும் கேட்காமல் விட்டார் என்றும் நினைத்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியாது," என்றார் தோத்தாத்ரி.

சுப்ரஜா முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "இந்த ஒயினைப் பத்தி அவனுக்கு ஒரே ஒரு ஆசைதான். 2036ல அப்பாவுக்கு எழுபத்தெட்டு ஆயிருக்கும், அந்த வயசுல யாரும் திட்ட மாட்டா, ஒரு கிளாஸ் குடுத்து அவர் மூஞ்சி எப்படிப் போறதுன்னு பாக்கணும்னு சொல்லிண்டே இருப்பான்."

வெப்பமானியை இருவரும் பார்க்கவில்லை. அது முதல் கதையிலேயே பத்தைத் தாண்டி, அரியர் பேப்பரில் பதினாறுக்கு வந்து, இப்போது பதினெட்டில் இருந்தது. வெளிக்காற்று கதவிடுக்கில் புகுந்ததும் பன்னிரண்டு பாட்டில்களும் வியர்த்தன. சொட்டுச் சொட்டாகத் தட்டிலிருந்து தரைக்கு ஒழுகியது. தோத்தாத்ரியின் மூக்குக்கண்ணாடி மங்கிப்போனது. கழற்றித் துடைத்தார், மறுபடி மங்கியது, மறுபடி துடைத்தார். அழுதார் என்று சொல்ல முடியாது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், கால் மணி நேரம்.

பிறகு எழுந்து தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார்.

"பதினெட்டுல திறக்கணும்னு போட்டிருக்கு."

"இப்பவாப்பா? பன்னெண்டு வருஷம் முன்னாடியா?"

"பாக்கணும்னு சொன்னவன் இல்ல," என்றார் தோத்தாத்ரி. "நீ பாரு."

அந்த வீட்டில் கார்க் திறப்பான் இல்லை. வாசலில் நின்றிருந்த அமீருதீன் விஷயத்தைக் கேட்டு, தான் அதைத் தொட முடியாது, ஆனால் சாமான் தருவதில் தப்பில்லை என்று நீளமான ஒரு ஸ்க்ரூவையும் கட்டிங் பிளேயரையும் நீட்டினார். சுப்ரஜா ஸ்க்ரூவை முறுக்கிக் கார்க்கை இழுத்தாள். காபி டம்ளரில் ஊற்றினாள். தோத்தாத்ரி அண்ணாந்து குடிக்கப் போனார், உதட்டில் வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று அவள் சொன்னதும் வாழ்க்கையில் முதல்முறையாக டம்ளரை உதட்டில் வைத்தார். ஒரு வாய். அப்போது அவர் முகம் எப்படிப் போயிற்று என்பதை சுப்ரஜா இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை. அவள் சிரித்த சத்தம் தெருமுனை வரை கேட்டதாகச் செல்லியம்மாள் சொல்கிறாள். அதற்குப் பிறகு அழுத சத்தமும் கேட்டதாம். மீதியை அவள் குடித்தாள். ரொம்ப இளசு, வாயைக் கட்டுகிறது, இன்னும் பத்து வருடம் போக வேண்டும் என்றாள்.

மார்ச் மாதம் தாம்பரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் அவர்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. முதல் சாட்சி தோத்தாத்ரி, மற்ற இருவரில் ஒருவர் அமீருதீன். உறவு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று எழுத்தர் கேட்டார். தோத்தாத்ரி பேனாவை வாங்கி, பெண்ணின் தகப்பனார் என்று தன் கையாலேயே எழுதினார். சுப்ரஜாவின் சொந்த அப்பா திருச்சியிலிருந்து வரவில்லை என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஜெபின் அவர் காலில் விழப்போனபோது, "எழுந்திருப்பா, தரை ஜில்லுனு இருக்கும்," என்றார். இருந்தது.

சுப்ரஜா நாவலூரில் ஜெபினின் ஃப்ளாட்டுக்குப் போனாள். அன்று மாலை ஐந்தரைக்குத் தோத்தாத்ரி நோட்டை எடுத்தபோது பின்னறையில் பதின்மூன்று டிகிரி இருந்தது. மறுநாளும் அதேதான். அவருக்கு அது ஆச்சரியமாக இல்லை. ஒரு நாள் கண்ணாடியைத் துடைத்ததால் எல்லாம் மாறிவிடும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. காலையில் எழுந்தால் கையும் காலும் மரத்துத்தான் கிடந்தன. தனியாகச் சமைத்தார், சாப்பிட்டார், உப்பு போதுமா என்று கேட்க ஆளில்லாததால் சில நாள் போட மறந்தார்.

ஆனால் மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குச் சுப்ரஜா வருகிறாள், பெரும்பாலும் ஜெபினோடு. பின்னறையில் உட்கார்ந்து அனிருத்தைப் பற்றி இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறாள். ஜெபினும் தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறான். தோத்தாத்ரி தன் பங்குக்கு அவன் சின்ன வயதுக் கதைகளைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார், தயங்கித் தயங்கி. அந்த நேரத்தில் அறை இருபத்தைந்து, இருபத்தெட்டு வரை ஏறுகிறது; ஒரு முறை முப்பத்தொன்று. இப்படி ஏறி இறங்கினால் ஒயின் 2036 வரை தாங்காது, எப்போதோ காடியாகிவிடும் என்று சுப்ரஜா எச்சரித்தாள். தோத்தாத்ரி நோட்டில் முப்பத்தொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "கெட்டா கெடட்டும். நீ சொல்லு," என்றார்.

தெருவில் எல்லோருக்கும் இந்தக் கிழமை தெரியும். பதினேழு வீட்டுக்காரர்களும் இரண்டரை மணிக்கே வந்து தங்கள் டப்பாக்களை எடுத்துப்போய்விடுவார்கள். ஆறு மணிக்கு மேல் ஒவ்வொருவராகத் திரும்பக் கொண்டுவருவார்கள். போன மாதம் செல்லியம்மாள் கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டாள். வாசல் கேட்டைத் திறந்து, உள்ளே குரல் கேட்கிறதா என்று பார்த்தாள்.

"பேச்சு முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லக்கா," என்றான் தண்ணீர் குடிக்க வெளியே வந்த ஜெபின்.

"பேசட்டும், பேசட்டும்," என்றாள் செல்லியம்மாள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.